நெத்தோலி

அந்த அணியின் பெயர் எங்கள் வாயில் நிற்கவில்லை.
சட்டையில் ஒரு சின்ன மீன் இருந்தது.
நெத்தோலி என்று வைத்துவிட்டோம்.

ஒக்கிக்குப் பிறகு
கடலுக்குப் போவதில்லை என்றான் மெர்ஜின்.
கடலில் ஓடுவதைப் பற்றவைக்கப் போனான்,
கொரியாவில் ஒரு கப்பல் பட்டறைக்கு.
திருவனந்தபுரத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று
இரண்டு விரல் காட்டினான்.
இரண்டு வருடம்.

அவன் போய் இறங்கிய மாதம்தான்
அந்த அணியும் பிறந்திருக்கிறது.
பட்டறை வேலியை ஒட்டி ஒரு திடல்.
கோலி, பார்சல் வண்டி ஓட்டுகிறவன்.
இடது விங்கில் ஓடுகிறவனுக்குச் சந்தையில் மீன் வெட்டும் வேலை,
கை கழுவாமல் வந்துவிடுவானாம்.
"மொத ஆட்டத்துக்கு எண்பத்தொரு பேரு.
எண்ணிப் பாத்தேன், என்னயும் சேத்து."

அங்கே மதியம் இரண்டு, இங்கே பத்தரை.
ஞாயிறு பூசை முடிந்து
செருப்பைத் தேடும்போது கைப்பையில் போன் துடிக்கும்.
திடலைக் காட்டுவான், முகத்தைக் காட்ட மாட்டான்.
எறும்பளவில் இருபத்திரண்டு பேர்,
காதுக்குள் அவன் மூச்சு மட்டும் பெரிதாக.

நெத்தோலி நான்காம் லீக்கிலிருந்து மூன்றுக்கு ஏறியது.
"ஒரு சீசன் பாத்திட்டு வாறேன்."
மூன்றில் ஒன்பதாவது இடம்.
"இப்பம் விட்டிட்டு வந்தா எப்பிடி?"
அடுத்து ஐந்தாவது. விசா நீண்டது.
மகளுக்கு முன்பல் விழுந்து
மறுபல் முளைத்தாயிற்று.
நான் லீக் அட்டவணை படித்தேன்,
மற்றவர்கள் வட்டிச் சீட்டைப் படிப்பதுபோல.

ஒருமுறை பெட்டி வந்தது.
பழைய சட்டைகள், முப்பத்தாறு.
போட்டுக்கொண்டு வள்ளவிளை டூர்னமென்டுக்குப் போனார்கள்
எங்கள் பையன்மார்.
"கொரியா சின்னத்துறை" என்று மைக்கில் ஒரே முழக்கம்.
மூன்று பூச்சியத்தில் தோற்றார்கள்.
எங்கள் திடலின் வலது மூலையைக் கடல் எடுத்து
நாலு வருடமாகிறது.
வலது கார்னர் கிடைத்தபோது
ஒருவனுக்கும் அடிக்கத் தெரியவில்லை.

இந்த நவம்பரில் சொன்னான்:
"கடைசி ஆட்டம். ஜெயிச்சா ரெண்டாம் லீக்கு,
நான் இன்னும் ஒரு வருஷம்.
இல்லேண்ணா டிசம்பர் டிக்கெட்டு."

அன்றுதான் புயல் நினைவுப் பூசை.
பெயர்களை வாசித்தார்கள். நேரமெடுக்கும் அது.
மெர்ஜினின் அண்ணன் ரெஜிஸ் பெயர் வந்ததும்
மகள் என் விரலைப் பிடித்தாள்.
ஆகாததை ஆக்கித்தரும் யூதா ததேயுவிடம்
ரொம்ப எளிதான ஒன்றைக் கேட்டேன்.
நெத்தோலி தோற்கட்டும்.
சமனில் முடிந்தாலும் எனக்குப் போதும்.

எண்பத்தெட்டாம் நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
கோயில் முற்றத்தில் கொடிமரத்தடியில் நிற்கிறேன்.
வலப்பக்கம் கார்னர்.
பார்சல்காரனும் கோலை விட்டு ஓடி வருகிறான்.
பந்து எழுந்தது,
கடல்காற்று தெரிந்த கால் அது,
எல்லார் தலைக்கும் மேலே வளைந்தது.
அந்தப்பக்கப் போஸ்டில் ஆளே இல்லை.

நான் இந்தக் கரையில் பிறந்தவள்.
ஜெபத்துக்கு முன்னே ஆஃப்சைட் படித்தவள்.

"செக்கண்ட் போஸ்டுக்கு ஓடுலே!"

கறுப்புப் பட்டை குத்தியவர்கள் அத்தனைபேரும் திரும்பினார்கள்.
யாரோ ஓடினான். தலை. வலை.

போன் அவன் கையிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.
திரையில் வெளுத்த வானம்,
பிறகு குதிக்கிற பூட்ஸ்கள்,
பிறகு அவன் முகம், பல மாதம் கழித்து.
நெற்றியில் முடி ஏறிப் போயிருந்தது.

"நீயா கத்தினே?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள்
மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.
"இல்லப்பா. இங்க வேற யாரோ."